பரிசிலும் விலையும்

1

முதலாளித்துவம் மக்களுக்குப் பொருள்வளத்தைத் தந்தது. அதற்கு ஈடாக அவர்தம் பண்பாட்டைக் கவர்ந்துகொண்டது என்பது பல நாட்டு அறிஞரும் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்து. பொருள் பெருகினாலன்றிப் பண்பாடு தழையாது; ஆதலின் அக்கூற்று பழமைப் பற்றினின்று எழுந்த ஏக்கமே என்பது மறுதலைக் கருத்து. இவ்விரண்டும் பொதுப்பட உரைக்கப்படுங்கால் முடிவு காண இயலாதன. பண்பாடு என்னும் சொல் இசை, கூத்து, சிற்பம், உணவு, உடை, வழிபாடு என விரிந்து செல்வதால், ஒருவர் இழப்பைச் சுட்டும் இடத்திலேயே மற்றொருவர் ஆக்கத்தைச் சுட்ட வழியுண்டு. எனவே, ஈண்டு நாம் ஆராய்ச்சியின் எல்லையைச் சுருக்கிக்கொள்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தமிழ்நூல் ஒரு விற்பனைப் பொருளாக மாறிய வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாற்றத்தால் தமிழிலக்கிய வாழ்வு பெற்றது யாது, இழந்தது யாது எனக் காண்பதே நம் நோக்கம்.

வாணிகம் வேறு, முதலாளித்துவம் வேறு என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று. முசிறித் துறையில் யவனர் மரக்கலம் மிளகு கொண்டு சென்றது சங்கப் பாடல்களாலேயே அறியப்படும். அந்நாளில் மிளகுக்கு விலை இருந்தது. பாட்டுக்கு விலை இல்லை, பரிசில் இருந்தது. எல்லாப் பொருளும் விற்றற்கென்றே ஆக்கப்பெற்று, விற்று வந்த ஊதியம் மேலும் முதலாகப் பெருகி, முடிவில் விலையே யாவற்றுக்கும் அளவுகோலாக நிற்கும் நிலையையே முதலாளித்துவம் எனக் குறிக்கின்றோம்.

பரிசிலுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சங்கப் புலவர் ஒருவரே தெளிவாக உணர்ந்திருந்தார். தன்பால் வந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே, அதியமான் நெடுமான் அஞ்சி பொருள் கொடுத்து அனுப்பினான். அதனைக் கொள்ளாது அவர் பாடியதே புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. காணாது தரும் பொருளைப் பெற்றுச் செல்லும் வாணிக நெறியினர் தாம் அல்லர் என்பதும், தம் தகுதியை அளந்தறிந்து தருவது மிகச் சிறிதாயினும் தமக்கு இனிது என்பதும் அப்பாட்டின் கருத்தாகும். புலவர் மறுத்தது பொருளை அன்று. அதன் சிறுமையையும் அன்று. காணாமையையே மறுத்தார். கொடுப்பவன் அளப்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு, புரவலர் காலத்தையும் அச்சகக் காலத்தையும் ஒருசேர நோக்குவோம்.

2

புரவலர் காலத்தைப் பொற்காலம் எனத் துணிந்து ஆராய்ச்சியைத் தொடங்குதல் பிழையாகும். அம்முறையின் இறுதிப் படலத்தை நமக்குக் காட்டுவது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815-1876) வாழ்க்கை. உ. வே. சாமிநாதையர் எழுதிய பிள்ளையவர்கள் சரித்திரமும், பின்னர் எழுதிய 'என் சரித்திர'மும் இதற்குரிய முதன்மைச் சான்றுகள்.

அச்சான்றுகள் இருவேறு செய்திகளை ஒருங்கே தருகின்றன. ஒருபுறம், பாட்டை அளக்கும் அவை ஒன்று அக்காலத்தில் உயிருடன் இருந்தது. பிள்ளையவர்கள் செய்யுட்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். நூல் முற்றுப்பெற்றபின் உரிய ஊரில் நாள்தோறும் சில பகுதிகளாக அரங்கேற்றம் நிகழும். அரங்கேற்றம் வெறும் விழாவன்று. கேட்போர் ஐயம் வினவுவதும், புலவர் விடை கூறுவதும், கற்றோர் தலையசைத்து ஏற்பதும் சேர்ந்த தீர்ப்பு அது. நூலுக்குப் பொருள் தந்தவரும் அவ்வவையில் அமர்ந்து கேட்டார். கொடுப்பவர் காண்பவராகவும் இருந்தார் என்ற அளவில், பெருஞ்சித்திரனாரின் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஒருவாறு நிலைபெற்றிருந்தது எனலாம்.

மறுபுறம், அவ்வவையின் அளவுகோல் மிகக் குறுகியிருந்தது. பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. நாட்டுப் படலம், நகரப் படலம், தல விசேடம், தீர்த்த விசேடம் என்னும் வரையறுத்த அமைப்பினுள்ளே அப்பேராற்றல் அடங்க வேண்டியிருந்தது. பொருள் தருவோர் வேண்டியது அதுவே. இத்துணைப் பாடியும் பிள்ளையவர்கள் கடன் தொல்லையினின்று நீங்கினாரல்லர். அவர் கிறித்தவ மாணவரையும் இசுலாமிய மாணவரையும் ஏற்றுப் பாடஞ்சொன்ன பெருந்தகை என்பது உண்மையே. எனினும் அத்தகைய உளப்பாங்கு அக்கால முறையின் இயல்பு அன்று, அவர் தனிப்பண்பு. ஏட்டுக் கல்வியின் வாயிலில் பெண்டிரும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் நின்றதேயன்றி உட்புகுந்தது அரிது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாகப் பணியேற்ற சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அவர் வரிசையாகக் கூற, முதலியார் அவற்றால் நிறைவடையாது, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே விடையாக இருந்தது. தமிழகத்தின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்ற தலைசிறந்த மாணவர்க்கே அந்நூல்கள் பாடமாக வாய்க்கவில்லை. பழந்தமிழ் நூல்களின் மறதிக்கு அச்சும் விற்பனையும் காரணமல்ல. அவை வருதற்கு முன்னரே மறதி நேர்ந்துவிட்டது. இதனை மறைத்துவிட்டு முதலாளித்துவத்தின்மீது முழுப்பழியையும் சுமத்துதல் ஆராய்ச்சி நெறியாகாது.

3

இனி, விலை திறந்துவிட்ட வாயில்களைக் காண்போம். சார்லஸ் மெட்காஃப் கவர்னர் ஜெனரலாக இருந்த 1835-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அச்சகங்கள்மீது இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பின் நம்மவர் அச்சகம் நிறுவுதல் எளிதாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சியந்திரம் நிறுவிச் சைவ நூல்களையும் பாலபாடங்களையும் வெளியிட்டார். சென்னைக் குஜிலிக் கடைவீதியில் அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலிய கதைப்பாடல்களும், சிந்துகளும், கும்மிகளும் மலிவான தாளில் பெரிய எழுத்தில் அச்சாகிச் சில்லறைக் காசுக்கு விற்றன. இவற்றுக்கு எந்த ஆதீனமும் பரிசில் தந்திராது. எந்த அவையும் அரங்கேற்றம் வழங்கியிராது. விலை என்னும் ஒன்றே அவற்றுக்கு வாழ்வளித்தது. கற்றோர் இகழ்ந்த அந்நூல்களை இன்று ஆராய்ச்சியாளர் தேடிப் படிக்கின்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா தொகுத்த சேமிப்பினின்று 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இத்தகைய எளிய வெளியீடுகளையும் பேணி வருகின்றது.

நாவலின் தோற்றமும் இவ்வகையினதே. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின்மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை குளத்தூர்க் கோவை பாடினார். அக்கோவையின் பாட்டுடைத் தலைவரே, பிள்ளையவர்கள் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டுத் தமிழின் முதல் நாவலாசிரியரானார். பழைய முறையில் பாடப்பெற்றவரே புதிய முறையில் எழுதுபவராகவும் மாறிய இந்நிகழ்ச்சி, இரு காலங்கள் ஒருவர் வாழ்விலேயே சந்தித்ததைக் காட்டும். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடர்ந்து வெளிவந்தது. தனித்திருந்து, வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் படிக்கும் வழக்கம் நாவலோடு பரவியதை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். நாவலின் எழுச்சியைச் சமுதாய மாற்றத்தோடு பொருத்திக் காட்டிய க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968-இலேயே இவ்வாராய்ச்சிக்கு வழி வகுத்தது.

வை. மு. கோதைநாயகி அம்மாளை (1901-1960) இங்குக் குறித்தல் தகும். பள்ளி சென்று கல்லாத அவர், 1925 முதல் 'ஜகன்மோகினி' என்னும் திங்களிதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அரசவையோ ஆதீனமோ அவரை அழைத்துப் பரிசில் தந்திருக்கும் என எண்ண இடமில்லை. முகமறியாத வாசகர், அவர்களுள்ளும் வீட்டினுள் இருந்த பெண்டிர், தந்த சிறுதொகையே அவரை எழுத்தாளராக நிலைநிறுத்தியது. காணாது தரும் பொருளுக்கு ஒரு நன்மையுண்டு. அது பெறுவோரின் குலத்தையும் பாலையும் காண்பதில்லை. பெருஞ்சித்திரனார் இழிவெனக் கருதிய அக்காணாமையே, அவை ஏற காலமெல்லாம் தடையுண்டவர்க்கு விடுதலையாக அமைந்தது. இவ்வுண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே இழப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு.

4

மறந்துபோன பழந்தமிழ் நூல்கள் மீண்டும் கிடைத்தமை இக்காலப்பகுதியின் பெருஞ்செயல். அச்சுப்பொறி இன்றி அது நிகழ்ந்திராது என்பது வெளிப்படை. ஆனால் அச்சுப்பொறியை இயக்கிய பொருள் எவ்வழி வந்தது என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும், 1883-இல் இறையனார் அகப்பொருளையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல், 1937-இல் குறுந்தொகை என ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். சிந்தாமணிக்கும் குறுந்தொகைக்கும் இடையில் ஐம்பதாண்டுகள் கழிந்தன. ஊதியம் கருதிய எந்த முதலாளியும் ஒரு தொழிலில் ஐம்பதாண்டுகள் இவ்வாறு முதலிட்டிருக்கமாட்டான். சுவடி தேடி ஊர் ஊராகச் சென்ற உழைப்பும், பாடபேதம் ஒப்பு நோக்கிய உழைப்பும் எவ்விலையிலும் சேர்க்கப்படவில்லை. பதிப்பாசிரியர்கள் தம் உத்தியோக வருவாயைச் செலவிட்டனர். பாண்டித்துரைத் தேவர் போன்ற குறுநிலத் தலைவர் துணை நின்றனர். அவர் முயற்சியால் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. நகரத்தார் செல்வர் ஈந்தனர். அண்ணாமலை செட்டியாரின் கொடையால் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது.

'கையொப்பம்' என வழங்கிய முன்பதிவு முறையை இங்கு நுணுகி நோக்குதல் வேண்டும். சிந்தாமணி அச்சாகுமுன் அதனைப் பெற விரும்புவோர் பெயரும் தொகையும் குறிக்கப்பட்டன. இது பரிசிலும் அன்று, முழுமையான விலையும் அன்று. தருவோர் நூலின் அருமையை அறிந்து, பதிப்பிப்பவரையும் அறிந்து தந்த பொருள் அது; ஆயினும் நூல் ஒன்றைப் பெறுதற்கு ஈடாகத் தந்த பொருளும் ஆகும். அளவறிந்து தந்த விலை என அதனைக் குறிக்கலாம். பரிசிலும் விலையும் ஒன்றோடொன்று பொருந்தாத பகைப்பொருள்கள் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மறுப்பாக 1920-இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அது பங்கு முதலால் அமைந்த நிறுவனம். வடிவால் முதலாளித்துவ அமைப்பே. சங்க நூல்களை உரையோடு மாணவர் கைக்குக் கொண்டு சேர்த்த பெருமை அதற்குண்டு. ஆனால் அதன் பெயரே அதன் குறிக்கோள் ஊதியம் ஒன்றன்று என்பதைப் புலப்படுத்தும். விற்பனை மிகுந்த நூல்களோடு விற்பனை குறைந்தவற்றையும் அது சேர்த்து வெளியிட்டது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளாகப் பழைய இலக்கியங்களை வெளியிட்டதும் இத்தகையதே. வேறு தொழிலில் ஈட்டிய பொருளே அப்பதிப்புகளை இயலச் செய்தது.

இவற்றால் போதரும் முடிவு ஒன்றுண்டு. முதலாளித்துவ காலத்தில் ஈட்டப்பெற்ற பொருள் பழந்தமிழுக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால், அது தன் நெறியாகிய விலையை ஒருபுறம் ஒதுக்கி நின்ற இடங்களிலேயே பயன்பட்டது.

5

இவ்விடத்து ஆராய்ச்சியை நிறுத்திவிட்டால் கொடையாளரைப் போற்றும் பாயிரமாக இக்கட்டுரை முடிந்துவிடும். கொடைக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என வினவுதலும் நம் கடமை.

குறுநிலத் தலைவர்தம் செல்வம் உழவர் செலுத்திய வரியினின்று வந்தது. நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலால் வந்தது. கீழ்ப்பர்மாவின் காட்டுச் சதுப்பு நிலம் நெல்வயலாக மாறுதற்கு அவர்தம் கடனுதவி இன்றியமையாததாக இருந்தது. ஆனால் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிய, கடன் தீர்க்க இயலாத உழவரின் நிலம் கடன் தந்தோர் கைக்கு வந்தது. பர்மாவில் நெல் மிகுதியாக விளையும் 13 மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த விளைநிலம் 1930-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு. 1938-இல் அது நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது நிலமன்று, தந்த பொருளின் மீட்சியே என்பது உண்மைதான். 1942-இல் சப்பானியர் படையெடுப்பாலும், விடுதலைக்குப்பின் பர்மிய அரசின் நிலச் சட்டங்களாலும் அவர்களும் அந்நிலத்தை இழந்தனர். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் நிலமிழந்த உழவரின் துயரத்தை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

எந்த நூலுக்கு எந்த நாட்டுப் பொருள் சென்றது எனப் பிரித்துக் காட்டுவது நம் கருத்தன்று. கொடையாளரைப் பழித்தலும் நம் கருத்தன்று. பண்பாட்டு வரவு ஒரு நாட்டில் எழுதப்படுங்கால், அதற்குரிய செலவு கடல் கடந்த மற்றொரு நாட்டில் எழுதப்படலாம் என்பதே நாம் சுட்ட விரும்புவது. முதலாளித்துவத்தின் பண்பாட்டு இழப்பைக் கணக்கிடுவோர் தம் மொழியின் இழப்பை மட்டும் எண்ணி, தம் மொழியின் ஆக்கத்திற்குப் பிறர் தந்த விலையை எண்ணாது விடுவராயின், அக்கணக்கு நடுவுநிலை உடையதாகாது. கொடுத்தவர் தமிழை அளந்து கண்டனர். பொருள் ஈட்டிய இடத்து மக்களை அவ்வாறு கண்டனரா என்பது எஞ்சி நிற்கும் வினா.

6

கொடையின் துணையின்றி விலையின் தீர்ப்புக்கே விடப்பட்ட இலக்கியம் என்னவாயிற்று? பாரதியார் இருவாயில்களிலும் நின்றவர். 1919-இல் எட்டயபுரம் அரசர்க்குச் சீட்டுக்கவி விடுத்தார், பயன் விளையவில்லை. 1920-இல் தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படிகளாக அச்சிட்டு நாடெங்கும் விற்கத் திட்டமிட்டு, அதற்கு முதல் வேண்டி அன்பர்க்கு எழுதினார், அதுவும் நடைபெறவில்லை. புரவலர் முறை அவரளவில் முடிந்துவிட்டது. நூற்சந்தையோ அவர்க்கு உரிய காலத்தில் உருவாகவில்லை. 1921-இல் அவர் மறைந்தபின் அவர் பாட்டு விலையுள்ள பொருளாயிற்று. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை விற்பனையாகித் தனியார் கைகளில் மாறிச் சென்றது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்று, பின்னர் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. பாட்டு மீண்டும் பாட்டாதற்கு அதனை விலையினின்று விடுவிக்க வேண்டியிருந்தது.

புதுமைப்பித்தன் (1906-1948) 1933-இல் தோன்றிய 'மணிக்கொடி'யில் எழுதிப் பெயர் பெற்றார். அவ்விதழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வாழ்க்கைச் செலவுக்காக அவர் நாளிதழ்ப் பணியையும், இறுதியில் திரைப்படத் துறையையும் நாட வேண்டியதாயிற்று. அதே காலத்தில், 1928 முதல் எஸ். எஸ். வாசன் நடத்திய 'ஆனந்த விகடன்' குறுக்கெழுத்துப் போட்டியாலும் நகைச்சுவையாலும் தொடர்கதையாலும் பேரளவில் பரவியது. விற்பனையின் அளவே சிறப்பின் அளவாகக் கருதப்படும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது.

விலை இலக்கிய வடிவத்தையும் மாற்றியது. வாரத் தொடர்கதையில் ஒவ்வோர் அதிகாரமும் வாசகரை அடுத்த வாரம்வரை காத்திருக்கச் செய்தல் வேண்டும். 'கல்கி'யில் 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் அதிகாரங்கள் பலவும் ஓர் ஆபத்தின் வாயிலிலோ ஒரு மறைபொருளின் விளிம்பிலோ முடிதல் இதனாலேயே. கதைமாந்தரின் அகவளர்ச்சியைக் காட்டிலும் நிகழ்ச்சியின் திருப்பத்திற்கு இவ்வமைப்பு இடம் மிகுதியாகத் தருகின்றது. நூலாகத் தொடர்ந்து படிப்பார்க்கு அத்திருப்பங்கள் அளவுக்கு மிஞ்சியனவாகத் தோன்றுதலும் இயல்பே.

ஆனால் இவ்வடிவம் எப்போதும் கேடே விளைத்தது எனவும் கூற இயலாது. 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த தொடரே. எண்பத்தைந்து அகவையை அடையும் நிலையில் இருந்த பேராசிரியர், தமிழ் கற்ற அவையினர்க்கன்றிப் பொதுமக்களுக்கு எழுதினார். அவர்தம் பதிப்பு முன்னுரைகளின் நெடிய வாக்கியங்கள் இதில் இல்லை. சிறுசிறு அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்ச்சி, பேசுவார்போன்ற தெளிந்த நடை ஆகியவை வார இதழ் வேண்டிய கட்டுப்பாட்டினின்று பிறந்தவை எனக் கொள்ளல் தகும். புரவலர் காலத்தின் நிறைவான வரலாறு விலைக்கு விற்ற இதழிலேயே எழுதப்பட்டது. ஆதலின், விலை இலக்கியத்தைக் கொல்லும் என்பது பொதுவிதி ஆகாது.

அங்ஙனமாயின் இழப்பு யாது? நல்ல நூல் எழுதப்படாமை அன்று. எழுதப்பட்டதை அளப்பவர் இன்மையே இழப்பு. அரங்கேற்ற அவை மறைந்தது. அதனிடத்தில் வாசகர் தொகை வந்தது. தொகை பெருகும், குறையும். வினவாது, விடை கேளாது. பத்து நூல்களுள் எது நெடுநாள் நிற்கும் எனச் சொல்ல அதற்கு நாவில்லை. சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' இக்குறையை உணர்ந்து விமரிசனத்தையே முதன்மையாகக் கொண்டது. அவ்விதழ் விலைக்குத்தான் விற்கப்பட்டது. ஆனால் விலையால் வாழவில்லை. நூல்களைத் தோளிற் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்ற அவர் உழைப்பால் வாழ்ந்தது. புதுக்கவிதைக்கு ஓர் அவையை அது தந்தது. பழைய அவை கலைந்தபின், புதிய அவையைத் தம் கைப்பொருளால் அமைக்க வேண்டிய நிலை எழுத்தாளர்க்கே நேர்ந்தமை, முதலாளித்துவ காலத்தின் இழப்பு எவ்விடத்தது என்பதைக் காட்டப் போதுமானது.

7

இதுகாறும் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் காண்போம். பழைய அவை அளந்தது. ஆனால் வாயிலை அடைத்திருந்தது. விலை வாயிலைத் திறந்தது, ஆனால் அளக்கவில்லை. பழந்தமிழ் நூல்களின் மீட்சி, விலையால் ஈட்டிய பொருளை அளவறிந்து தந்தோரால் நிகழ்ந்தது. அப்பொருளின் பின்னே பிறர் துயரமும் இருந்தது. எனவே பொருள்வளத்திற்கு ஈடாகப் பண்பாட்டை இழந்தோம் என்பதும் முழுவுண்மையன்று. இழப்பே இல்லை என்பதும் முழுவுண்மையன்று. இழந்தது கொடுப்பதற்கும் அளப்பதற்கும் இடையிலிருந்த தொடர்பு.

அத்தொடர்பை மீண்டும் அமைக்கும் முயற்சிகள் தமிழகத்தில் இல்லாமற் போகவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விலை தர இயலாதார்க்கும் நூலை உரியதாக்கியது. பாரதியார் படைப்புகளில் தொடங்கிய நாட்டுடைமை முறை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்கு விரிந்து, உரியோர்க்குத் தொகை தந்து நூலைப் பொதுவாக்கியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தமிழர் ஊதியமின்றி உழைத்துப் பழைய நூல்களைக் கணினி வழியே யாவர்க்கும் இலவசமாக்கினர். இவை மூன்றும் திறந்த வாயிலை மேலும் அகலமாக்கின. அவ்வளவில் போற்றுதற்குரியன. ஆனால் நூல் கிடைத்தல் வேறு, நூல் அளக்கப்படுதல் வேறு. இரண்டாவது பணி இன்னும் எஞ்சியுள்ளது.

அப்பணிக்குரிய இடம் எது? அரசவை மறைந்தது, ஆதீனத்தின் அவை சுருங்கியது, இதழ்களுக்கு விற்பனையே தீர்ப்பு. எஞ்சியிருப்பன சிற்றிதழும் பல்கலைக்கழகமுமே. பல்கலைக்கழகத் தமிழ்த்துறை வேண்டுமளவு விற்பனை நோக்காது இயங்குதற்குரிய பொருளை நாட்டு மக்கள் தருகின்றனர். நூலைக் கண்டு, வினவி, ஒப்பிட்டு, அளந்து கூறுவதே அப்பொருளுக்கு நாம் செய்யும் கைம்மாறு. ஆனால் இன்று ஆய்வாளரின் தகுதி, வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் கணக்கிடப்படும் வழக்கம் பல்கலைக்கழகத்தினுள்ளும் புகுந்துள்ளது. கட்டுரையைப் படிக்காமலே அதற்கு மதிப்பெண் இடும் முறை, காணாது தந்த பரிசிலின் புதிய வடிவமேயாகும். சந்தையின் காணாமைக்கேனும் வாயிலைத் திறந்த நன்மை உண்டு. பல்கலைக்கழகத்தின் காணாமைக்கு அந்நன்மையும் இல்லை.

ஆதலின் முதலாளித்துவத்தின் பண்பாட்டு இழப்பைப் பற்றி ஆராயப் புகும் தமிழ் மாணவர், அதனை நூற்சந்தையில் மட்டும் தேடாது, தாம் அமர்ந்திருக்கும் துறையிலும் தேடுதல் வேண்டும். வாயில் யாவர்க்கும் திறந்திருக்க, உள்ளே அளந்தறியும் அவையும் இருக்குமாயின், அத்தகைய நிலை தமிழுக்கு முன்பு எக்காலத்தும் வாய்த்திராத ஒன்றாகும். அதனை அமைத்தற்கு வேண்டும் பொருள் இன்று நாட்டில் உள்ளது. வேண்டுவது, ஒரு நூலை முழுதும் படித்த பின்னரே அதன் தகுதியைக் கூறுவோம் என்னும் உறுதி ஒன்றே.